பெல்டுக்கு விட்ட எண்ணெய்

வீட்டில் செயினில் ஓடும் மோட்டார் சைக்கிளும் பெல்டில் ஓடும் ஸ்கூட்டரும் நின்றன. எதை வைத்திருப்பது, எதை விற்பது என்று குழப்பம். கராஜில் கேட்கக் கூச்சம். வெள்ளிக்கிழமை இரண்டையும் கழுவி, விபூதி பூசி, செயினுக்கு எண்ணெய் விட்டேன். ஸ்கூட்டரின் பக்க மூடியைக் கழற்றிப் பெல்டுக்கும் விட்டேன்.

திங்கட்கிழமை மனைவியை ஸ்கூட்டரில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். ரயில் கடவையில் எஞ்சின் இரைந்தது, சில்லு உருளவில்லை. தூரத்தில் ரயில் கூவியது. இருவரும் இறங்கி, தள்ளிக் கடந்து, கராஜ் வரை தள்ளிப் போனோம்.

“ஆரண்ணை பெல்டுக்கு எண்ணெய் விட்டது? வழுக்குமெல்லோ” என்றார் கராஜ்காரர்.

“இவர்தான். செயின் எவ்வளவு எண்ணெய் குடிச்சாலும் ஓடுமெண்டு பழகிட்டார்” என்றாள் மனைவி.

இரண்டில் எது நல்லதென்று இன்னும் தெரியவில்லை. ஆனால் எண்ணெய்ப் போத்தலை எடுக்கமுன் இப்போது கராஜில் வாய் திறந்து கேட்கிறேன்.