நகம் பட்ட பிஞ்சு

காய்கறிக் கடையில் சுரைக்காயை எடுக்கிறவர்கள் நகத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள். நகம் இறங்கினால் இளசு, இறங்காவிட்டால் முற்றல். நான் அப்படிப் பார்ப்பதில்லை. இளசா என்று கடைக்காரரிடம் கேட்பேன். அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பாதி நாள் முற்றிய காய்தான் வரும். "நாப்பத்தெட்டு வயசாவுது, ஒரு சுரக்கா பாத்து வாங்கத் தெரியல" என்பாள் என் மனைவி. நான் பதில் சொல்வதில்லை. எனக்கு எதற்குமே சட்டென்று பதில் சொல்ல வராது என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு மாடி. மாடிக்கு வெளியே, ஒரு கட்டில் போடும் அளவுக்கு சிமெண்ட் தளம் இருந்தது. அதற்கு அப்பால் முழுக்க அடுத்தடுத்த வீடுகளின் தகரக் கூரைகள். அம்மாவின் தம்பி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்த மாடியில்தான் படுத்துக்கொண்டார். பெல்ட் தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்த இரண்டாவது மாதம் பட்டறையை மூடிவிட்டார்கள். அதன்பின் தினமும் காலையில் வேலை தேடிப் போவார், சாயங்காலம் திரும்பி வருவார். மாமாவுக்கு இழுப்பு உண்டு. கனமாக எதையாவது தூக்கினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும் சத்தம் கேட்கும். அதனால் கிடைத்த வேலைகளும் நிற்கவில்லை.

அப்பா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மாமாவை மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அப்பா ஒருவரை மரியாதையாகப் பேசினால் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

"பண்ணையார் எந்திச்சாச்சா?" என்பார் காலையில். "பண்ணையாருக்குக் காப்பி குடுத்தாச்சா?"

மாமா சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கி வருவார். மே மாதக் கடைசியில் ஒருநாள் அவர் நிஜமாகவே பண்ணை போட ஆரம்பித்தார்.

தாராவியில் எல்லாம் கிடைக்கும், மண் மட்டும் கிடைக்காது. முதலில் குயவர்களிடம் போய் ஒரு சாக்கு மண் கேட்டு வாங்கி வந்தார். அது சட்டி செய்கிற களிமண். வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி வெடித்தது. போட்ட விதை உள்ளேயே வெந்துபோனது. பிறகு டிராம்பேயில் ஒருநாள் கூலி வேலைக்குப் போனபோது அங்கே தோண்டிப் போட்டிருந்த செம்மண்ணை இரண்டு பைகளில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் மண்ணுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னாராம். "நின்னுட்டு வாரதுக்கெல்லாம் எதுக்குய்யா டிக்கெட்டு" என்று மாமா தமிழில் கேட்டாராம். கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டாராம். இதை மாமா எத்தனை தடவை சொன்னாலும் நான் சிரிப்பேன். எருமைக் கொட்டகையிலிருந்து சாணி வந்தது. பழைய எண்ணெய் டின்களும், பாதியாக அறுத்த ஒரு நீல டிரம்மும் தளத்தில் வரிசையாக நின்றன. அரிசி களைந்த தண்ணீரை இனிமேல் கீழே ஊற்றக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டார்.

கீரை நன்றாக முளைத்தது. ஜூனில் விழுந்த முதல் பெரிய மழை அதை ஒரே இரவில் கழுவிக்கொண்டு போய்விட்டது. தக்காளி நாளைக்குப் பழுத்துவிடும் என்று மாமா சொல்லும் அன்றைக்கே எலி வந்து தின்றது. ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. "எலிக்கு மட்டும் சொல்லி வச்சாப்ல தெரியுது பாருங்க" என்று அப்பா ரசித்துச் சொன்னார். மிளகாய் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சந்தில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். வெண்டைக்காய் ஒரு நாள் பொரியலுக்கு வந்தது. அப்பா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் மாமா ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

நீல டிரம்மில் போட்டது சுரை. அது யாரையும் கேட்காமல் வளர்ந்தது. கயிறு பிடித்து ஏறி, பக்கத்துக் கூரையில் படர்ந்து, அதற்கடுத்த கூரைக்கும் போய்விட்டது. கீழே வீடு குளிர்ச்சியாக இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வரவில்லை.

அம்மா மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் பாத்திரம் தேய்க்கப் போவாள். அங்கே மொட்டை மாடியில் நிறைய தொட்டிகள் இருந்தன. பார்க்க ஆள் இல்லாமல் செடிகள் கருகிக்கொண்டிருந்தன. பாத்திரம் தேய்க்கிற வீட்டு மாமி அதற்குச் சம்பளத்துக்கு ஆள் தேடுவதை அறிந்து அம்மா தம்பியைப் பற்றிச் சொன்னாள். மாமி சொன்னதை அம்மா அப்படியே வீட்டில் வந்து சொல்லிக் காட்டினாள்.

"எல்லாரும் தெரியும்னுதான் சொல்றா. அவன் போட்ட காய் ஒண்ணைக் கொண்டுவந்து காட்டச் சொல்லு. பாத்துட்டு பில்டிங் செக்ரட்டரிகிட்ட சொல்றேன்."

அப்பா நாள் குறித்தார். "சரி. கணபதி பண்டிகைக்குள்ள காய் வரட்டும். வரலன்னா அம்பர்நாத்துல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கம்பெனியில லோடு ஏத்த ஆள் கேக்கான். அங்க போயிர வேண்டியதுதான் மாப்ள."

"லோடா?" என்றாள் அம்மா.

"பின்ன, ஆபீசர் வேலையா வச்சிருக்கான்?"

ஒரு சுரைக்காய் வந்தால் போதும் என்று எனக்கும் விளங்கியது. மாமா அம்பர்நாத்துக்குப் போகக் கூடாது என்று இந்த உலகத்தில் என்னைவிட அதிகமாக விரும்பியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டு நெளித்ததற்காக அப்பா பெல்ட்டை எடுத்தபோது, நடுவில் வந்து நின்று ஒரு அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டவர் அவர்.

முதல் பிஞ்சு வந்த அன்று மாமா என்னை மேலே கூட்டிப் போனார். விரல் நீளத்தில், பூனைக்குட்டி மாதிரி மெல்லிய முடியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"மருமவனே, வெரல நீட்டிக் காட்டிராத. பிஞ்சு வெம்பிரும்" என்றார்.

நான் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசிவரை ஒரு நாளும் அதை நான் விரல் நீட்டிக் காட்டவில்லை. அதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப் போவார். காய் பொறுக்குவதில் அவருக்குப் பெருமை. சுரைக்காயைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். கடைக்காரப் பெண் மராத்தியில் சத்தம் போடுவாள். அப்பா அதைக் காதில் வாங்கமாட்டார். ஒருநாள் என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். "எறங்குதா? இதாம்ல எளசு." அன்று நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

காலையில் மாமா குடத்தோடு குழாயடிக்குப் போன பிறகு நான் மேலே போவேன். பிஞ்சு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. கட்டைவிரல் நகத்தை மெதுவாக அழுத்துவேன். இறங்கும். பிறை மாதிரி ஒரு கோடு விழும். அதில் தண்ணீர் போல ஒரு சொட்டு நிற்கும். இளசு, நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாகக் கீழே வருவேன். மறுநாள் இன்னொரு இடத்தில் பார்ப்பேன். சுட்டிக் காட்டக் கூடாது என்றுதான் மாமா சொல்லியிருந்தார். தொடக் கூடாது என்று சொல்லவில்லை.

முதல் பிஞ்சு ஒரு வாரத்தில் பழுப்பேறி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மாமா பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவினார். மூன்றாவது வந்தபோது கண் படாமல் இருக்கக் கொடி ஏறிய கயிற்றில் ஒரு பழைய செருப்பைக் கட்டினார்.

"அந்தச் செருப்பாவது காய்க்குதா பாப்போம்" என்றார் அப்பா.

மூன்றாவது விழுந்ததை நான்தான் முதலில் எடுத்தேன். அழுகல் ஒரு கோட்டிலிருந்து தொடங்கியிருந்தது. பிறை மாதிரி கோடு. அதைச் சந்துக்குள் தூக்கி எறிந்துவிட்டேன்.

இங்கே நான் நிறுத்தியிருந்தால், தெரியாமல் செய்த பிள்ளை என்று என்னை நானே மன்னித்து விட்டிருப்பேன். அடுத்து ஒரே நேரத்தில் இரண்டு பிஞ்சுகள் வந்தன. இடப்பக்கம் ஒன்று, அதைவிடச் சின்னதாக வலப்பக்கம் ஒன்று. நான் காரணமாக இருக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் தோன்றியது. இடப்பக்கத்துப் பிஞ்சில் நகத்தை அழுத்தினேன். வலப்பக்கத்தை விட்டுவிட்டேன். நாலு நாள் காத்திருந்தேன்.

இடப்பக்கத்துப் பிஞ்சு பழுப்பேறியது. வலப்பக்கத்தது பச்சையாக இருந்தது.

அதற்குள் கணபதி வந்துவிட்டது. முதல் நாளே அம்மா மாட்டுங்காவிலிருந்து வந்து, மாமி வேறு ஆளை வைத்துவிட்டாள் என்று சொன்னாள். வலப்பக்கத்துப் பிஞ்சு அப்போது விரல் அளவுதான் இருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியும்?

மூன்றாம் நாள் காலையில் மாமா என்னைத் தோளில் உட்கார வைத்து எங்கள் சந்து முனையில் வைத்திருந்த பிள்ளையாரைக் காட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் தளத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். மேலே போனேன். சந்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மாமாவின் கையில் இடப்பக்கத்துப் பிஞ்சு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வைத்துவிட்டு, தான் சவரம் செய்யும் பிளேடில் பாதியை எடுத்தார்.

"இங்க வா மருமவனே. நகம் இம்புட்டு வளந்து கெடக்கு."

என் வலது கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார். அழுக்கைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு பத்து நகங்களையும் ஒட்ட வெட்டினார். கட்டைவிரலில் கொஞ்சம் ஆழமாகவே வெட்டியதில் லேசாக ரத்தம் வந்தது. அதைத் தன் லுங்கி நுனியால் ஒற்றி எடுத்தார்.

"நாளைக்கு வாத்தியார் நகம் பாப்பாருல்லா?" என்றார்.

எங்கள் வாத்தியார் நகம் பார்க்கிறவர்தான். வளர்ந்திருந்தால் ஸ்கேலால் விரலில் அடிப்பார். நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார். "காய் வரிசையா அழுகுதுன்னா என்ன அர்த்தம்? மேல யாரும் போறாங்களா வாராங்களா?"

அப்பா பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் என் தட்டைப் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது. புளிக்குழம்பு கட்டைவிரல் வெட்டில் பட்டு எரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. சுவரில் ஆணியில் பெல்ட் தொங்கியது.

"யாரும் போறதில்ல அத்தான்" என்றார் மாமா. "எங் கைதான் சரியில்ல."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு டிரம்மு மிச்சமாயிருக்கும்லா" என்றார் அப்பா. அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை ஒரு ரெக்ஸின் பையோடு மாமா அம்பர்நாத்துக்குக் கிளம்பினார். ஏணி அருகில் என்னை நிறுத்தி, "அந்த ஒண்ணுக்குத் தண்ணி ஊத்து மருமவனே. நீ பாத்துக்கிடுவ" என்றார். நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

ஊற்றினேன். அந்தக் காய் என் முழங்கை நீளத்துக்கு வந்தது. அம்மா பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பாத்தியா, அவன் கை போனதும் காய்ச்சிட்டு" என்றார். நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். ருசியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

மாமா அம்பர்நாத்தில் எட்டு வருடம் லோடு ஏற்றினார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். ஒவ்வொரு தடவையும் ஏணி ஏறுவதற்கு முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார். கடைசியில் மூச்சு முடியாமல் ஊருக்கே போய்விட்டார். அங்கேயே கண்ணை மூடினார். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பை தைக்கும் பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வரும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொல்லவில்லை. எப்படியோ அவருக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன் என்று ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியோடு இத்தனை வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் கணபதி சமயத்தில் என் மகள் கையை நீட்டி மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். நகம் வளர்ந்திருந்தது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு போய், நாளைக்கு ஸ்கூலில் டீச்சர் பார்ப்பார்கள் என்றேன்.

"கணபதி லீவுல எந்த டீச்சர்ப்பா பாப்பாங்க?" என்று அவள் சிரித்தாள்.

நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மாமா என் நகத்தை வெட்டியது கணபதியின் மூன்றாம் நாள். காலையில் அவர்தான் என்னைத் தோளில் வைத்துப் பிள்ளையார் பார்க்கத் தூக்கிப் போனார். பள்ளிக்கூடம் மூடி மூன்று நாள் ஆகியிருந்தது. மறுநாளும் பள்ளிக்கூடம் இல்லை. அது மாமாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் தலையைத்தான் ஆட்டினேன்.