டர்னர் செபாஸ்டியனும் மூன்று கத்திகளும்

கோயிலில் ஏற்ற ஒரு மெழுகுவர்த்தி வாங்கினாலும் செபாஸ்டியன் அதை முதலில் கடைப் பெஞ்சின் மேல் வைத்து உருட்டிப் பார்ப்பார். நேராக ஓடினால் திருப்தி. கோணலாகத் தத்தித் தத்தி ஓடினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்பார். "எரியறதுக்குத்தானேப்பா?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டால், "எரியற வரிக்கும் நிக்கணுமா இல்லியா?" என்பார். வெள்ளரிக்காய், பென்சில், குழல் விளக்கு எதுவும் இந்த உருட்டலுக்குத் தப்பியதில்லை.

வயது நாற்பத்தெட்டு. கரையான்சாவடியில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக டர்னர் வேலை, லேத்து மெஷினில் இரும்பைச் சுழலவிட்டு உருண்டையாகக் கடைகிற வேலை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் இவர் வெர்னியர் செருகியிருப்பார். மயிரிழையைக்கூட அளந்து சொல்லும் அந்த அளவுகோலால் தோசையை அளந்து, "ஜெயா, இது ரெண்டு எம்.எம்., அது மூணு எம்.எம்." என்று மனைவியிடம் புகார் சொன்னவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். "ரெண்டையும் நானே துன்னுக்கறேன், நீங்க பட்டினி கெடங்க" என்று ஜெயசீலி தட்டை இழுத்துக்கொண்டாள்.

லேத்தில் இரும்பைச் சீவும்போது சில சமயம் நீல நிறத்தில் சுருள் சுருளாக வரும். அவற்றில் நீளமானதைப் பத்திரப்படுத்தி, டிசம்பரில் வீட்டுக்குக் கொண்டுவந்து கிறிஸ்துமஸ் குடிலின் மேல் தொங்கவிடுவார். குழந்தை இயேசுவுக்கு அவ்வளவு பளபளப்பான கூரை பூந்தமல்லி வட்டாரத்திலேயே கிடையாது. பார்க்க வருகிறவர்கள் விரலை வெட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுவதுதான் ஜெயசீலியின் பண்டிகைக் கால வேலை.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. டர்னர் என்றால் ராஜா, அரம் பிடித்துத் தேய்க்கிற ஃபிட்டர் என்றால் கொஞ்சம் கீழே. "அவன் தேச்சித் தேச்சி அளவுக்குக் கொண்டாருவான். நம்ப மெஷின் அளவோடவே பெத்துப் போடும்" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அரத்தைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை.

இப்படி எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்த மனிதரின் வீட்டில், எண்பத்தொன்பதாம் வருஷம் அளக்க முடியாத ஒன்று வந்து சேர்ந்தது. மகள் ஹில்டா கல்லூரி என்.சி.சி.யில் இருந்தாள். இமயமலையில் இருபத்தெட்டு நாள் மலையேற்றப் பயிற்சிக்கு அவள் பெயர் தேர்வாகியிருந்தது. அப்பாவின் கையெழுத்துக்காக ஒரு படிவம். கூடவே கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல். கம்பளிச் சட்டை, காலுறை, டார்ச் லைட், கத்தி ஒன்று.

செபாஸ்டியன் தம் வாழ்நாளில் ஏறிய பெரிய மலை பரங்கிமலை. அதற்கும் படி உண்டு. பட்டியலை இரண்டு முறை படித்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

"கடைக் கத்தியெல்லாம் வாணாம் கண்ணு. நானே செஞ்சித் தரேன். கத்தி முடியட்டும், கையெழுத்துப் போடறேன்" என்றார்.

படிவம் டி.வி. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு மாதத்தில் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும்.

மறுநாளே பர்மா பஜாருக்குப் போனார். அங்கே ஒரு கடையில் வெளிநாட்டுக் கத்தி தொங்கியது. முதுகில் ரம்பப் பல். கைப்பிடி குழாய் மாதிரி உள்ளே காலி. அடி மூடியைத் திருகினால் தூண்டில் முள், நரம்பு, தீக்குச்சி, ஊசி எல்லாம் கொட்டும்; மூடியிலேயே திசைகாட்டி. காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் பிழைத்து வருவதற்கான கத்தி என்றார் கடைக்காரர். செபாஸ்டியன் கத்தியை உருட்டிப் பார்த்தார். பிறகு குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். அலகின் வால் கட்டை விரல் நீளம்கூட உள்ளே வரவில்லை. ஒரே ஒரு நட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே, இது ஒடையும்" என்றார்.

"வாங்கறியா, மாட்டிட்டுப் போறியா?" என்றார் கடைக்காரர்.

மாட்டிவிட்டு வந்தார். ஆனால் அந்தக் காலிக் கைப்பிடி மனசில் ஒட்டிக்கொண்டது. மகள் எங்கே போனாலும் நெருப்பும் ஊசியும் நூலும் அவள் கைக்குள்ளேயே இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முதல் கத்தியை மதிய இடைவேளைகளில் செய்தார். மெஷின் ரம்பத்தின் பழைய பிளேடைத் தீட்டி அலகாக்கி, எஃகுக் குழாயில் செருகிப் பற்றவைத்தார். பக்கத்துப் பட்டறையில் இரும்புக்குச் சூடேற்றிப் பதம் போடுகிற தங்கவேல்தான் பரீட்சை அதிகாரி. அவன் அலகை மேசையில் பொருத்திய வைஸின் இரும்புத் தாடைக்குள் இறுக்கிக் கைப்பிடியை ஒரு தள்ளு தள்ளினான். பல் பிடுங்கியது போல அலகு தனியாக வந்தது.

"இன்னா மச்சான், பாப்பாவ இத்த நம்பியா அனுப்பப் போற?" என்றான் தங்கவேல்.

செபாஸ்டியன் இரண்டு துண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சோற்றுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

இரண்டு துண்டைச் சேர்த்தால்தானே பிரியும், ஒரே துண்டாகச் செய்தால் எது எங்கே போகும் என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டே யோசித்தார். பழைய லாரி ஆக்சில் ஒன்றில் ஒரு முழம் வாங்கினார். பின்பக்கம் துளை போட்டார். முன்பக்கம் ஷேப்பிங் மெஷினில் சீவி அலகாக்கினார். இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலம் துளை படாத கெட்டி இரும்பு. துளையின் அடியைக் கூர் மூலையாக விடாமல் கிண்ணம் போல வளைத்துவிட்டார். "மூலைலதான் மச்சான் விரிசல் குந்திகினு இருக்கும்" என்று தங்கவேலுக்குப் பாடம் சொன்னார். கைப்பிடியில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு தங்கவேல் அலகை மட்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினான். வைஸில் இறுக்கி இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். வைஸ்தான் ஆடியது.

கைப்பிடி வழுக்காமல் இருக்க, திருகாணித் தலையில் போடுவதைப் போலச் சொரசொரவென்று கட்டம் கட்டமாகக் கீறலும் போட்டிருந்தார். டர்னர் கண்ணுக்கு அது அழகின் எல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தார். ஜெயசீலி ஒரு முழுப் பூசணிக்காயை எடுத்துப் போட்டு வெட்டினாள். பாதியில் நிறுத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சிவந்திருந்தது.

"தேங்கா துருவியாங்க இது?"

"பிடி கெட்டியா இருக்கணும்னு..."

"சரி. கண்ண மூடிக்கறேன். கைல குடுங்க." கண்ணை மூடிக்கொண்டு கத்தியைப் பிடித்தாள். "இப்ப கூரு எந்தப் பக்கம் கீது? எனக்குத் தெர்லியே. சும்மா உருளுது. இருட்டுல அந்தப் பொண்ணு கயித்த அறுக்கப் போயி கைய அறுத்துக்கவா?"

செபாஸ்டியன் அயர்ந்துபோனார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கையில் பிறந்ததெல்லாம் உருண்டை. உருண்டை என்பதே ஒரு குறையாகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"லேத்துல போட்டா எல்லாம் ரவுண்டாத்தான் ஜெயா வரும்."

"கோடாலிக் காம்பு ரவுண்டாவா கீது? அருவாப் பிடி ரவுண்டாவா கீது? லேத்து சொல்றத கேப்பீங்களா, கை சொல்றத கேப்பீங்களா?" என்றவள், சற்று நிறுத்தி, "அது கெடக்கட்டும், இது யாரு கைக்கு அளவு?" என்று கேட்டாள்.

அவருடைய கைக்கு. வேறு யார் கைக்கு. தம் முறம் போன்ற கையால் பிடித்துப் பார்த்துப் பார்த்தே செய்திருக்கிறார். ஹில்டாவின் விரல்கள் அதை முழுசாகச் சுற்றி வரவில்லை. மகளுக்கென்று செய்ததில் மகளின் கையை மட்டும் அவர் அளக்க மறந்திருந்தார். இதை நினைத்து அவர் வெட்கப்பட்ட அளவுக்கு அந்த உருண்டைக்காகக்கூட வெட்கப்படவில்லை.

ஜெயசீலி சப்பாத்திக்குப் பிசைந்த மாவைக் கட்டை போல உருட்டி ஹில்டாவிடம் நீட்டினாள். "இறுக்கிப் புடி." ஹில்டா சிரித்துக்கொண்டே பிடித்தாள். மாவு நான்கு பள்ளமும் ஒரு மேடுமாகப் பதிந்து, முட்டை வடிவத்தில் நீண்டு நின்றது. செபாஸ்டியன் வெர்னியரை எடுத்து ஒவ்வொரு பள்ளமாக அளந்து படிவத்தின் உறையிலேயே குறித்துக்கொண்டார். அளந்த மாவு அன்று சப்பாத்தியானது. வெர்னியரில் ஒட்டிய மாவைத் துடைக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

அந்த வாரம் எஸ்டேட்டில் ஓர் அதிசயம் நடந்தது. டர்னர் செபாஸ்டியன் அரம் பிடித்தார். அதே மாதிரி ஒரே துண்டாக, ஆனால் மெல்லியதாகக் கடைந்த மூன்றாம் கத்தியின் கைப்பிடியை வைஸில் வைத்து, இரண்டு விலாவிலும் தட்டையாகத் தேய்த்தார். ஃபிட்டர்கள் சாப்பிட்ட கையோடு வந்து சுற்றி நின்றார்கள். "அண்ணாத்தே, மெஷின் பெத்துப் போடுமே?" என்று ஒருவன் கேட்டான். "இது தத்துப் பிள்ளடா" என்று சொல்லிவிட்டு அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான்கு இடைவேளை தேய்த்தார். பிறகு நைலான் கயிற்றை இழுத்து இழுத்துச் சுற்றினார். இந்தத் தடவை ஜெயசீலி கண்ணை மூடிப் பிடித்து, "கூரு கீய கீது" என்று உடனே சொன்னாள்.

கத்தி முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். செபாஸ்டியன் நினைக்கவில்லை. உள்ளே தீக்குச்சிகளைப் போட்டு மூடி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வாளித் தண்ணீரில் முக்கி வைத்தார். குச்சிகள் நமத்திருந்தன. "பாத்தியா, பாத்தியா" என்று அவர் சொன்னதில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. மூடிக்குள் ரப்பர் வளையம் போட்டார். குச்சி எரிந்தது. அடுத்து கத்தியைச் செருக உறை வேண்டும் என்றார். உறை தைத்தாயிற்று. பிறகு மூடியில் பதித்திருந்த திசைகாட்டியை, இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் பொய் சொல்லும் என்று கழற்றிக் கயிற்றில் தனியாகக் கட்டினார். அதுவும் ஆயிற்று. படிவம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கத்தியை மறுபடி எடுத்துத் தூக்கிப் பிடித்து, "முனை கொஞ்சம் கனமா கீற மாரி..." என்று ஆரம்பித்தார்.

ஜெயசீலி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "ஹில்டாப்பா, கத்தில ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் கொறையத் தேடிகினு கீறீங்க. பயமா கீதுன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கும்தான் பயமா கீது."

செபாஸ்டியன் கீழே கிடந்த துணியை எடுத்துக் கத்தியைத் துடைத்தார். "பளு தாங்குதான்னு இன்னும் பாக்கல" என்றார், முணுமுணுப்பாக. "மரத்துல அடிச்சி அது மேல ஆள் ஏறி நிக்கணும். தாங்கிச்சின்னா கையெழுத்து. அப்பறம் நான் பேசமாட்டேன்."

வாசல் பூவரச மரத்தில், தரைக்கு ஒரு முழ உயரத்தில், கத்தியைக் கிடையாக வைத்து மரச்சுத்தியால் நாலு விரல் ஆழம் இறக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமே ஏறப் போனார்.

"நவுருப்பா" என்றாள் ஹில்டா. "கத்தி எனக்குத்தானே."

"நான் எழுபத்தெட்டு கிலோ. நான் நின்னா போதும்."

"ஏறப் போறது நான்பா."

அவர் மரத்தை விட்டு நகர்ந்தார். ஹில்டா மரத்தை அணைத்துப் பிடித்து, ஒரு காலைக் கைப்பிடியின் மேல் வைத்து, மற்றக் காலையும் தரையிலிருந்து எடுத்தாள். செபாஸ்டியன் சட்டென்று குந்தி, இரண்டு உள்ளங்கையையும் அவள் பாதத்துக்கு அடியில் விரித்து நீட்டினார். தரை அங்கிருந்து ஒரு முழம்தான். மனிதர் அதலபாதாளத்தைப் பார்க்கிறவர் போல வியர்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி லேசாக முனகியது. வளையவில்லை. ஹில்டா மெதுவாக மரத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்து, தோளை மட்டும் மரத்தில் சாய்த்து நேராக நின்றாள்.

"நிக்கறேன்பா."

"தெர்து. எறங்கு."

"நீ கைய எடு. அப்பறம் எறங்கறேன்."

"வியிந்துட்டீன்னா?"

"இமயமலைல வந்து இப்பிடி கைய நீட்டிகினு குந்தியிருப்பியா?" கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. "எடுப்பா. நான் நிப்பேன்."

ஜெயசீலி வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செபாஸ்டியன் மகளின் பாதத்தைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், மறுபடி பாதத்தைப் பார்த்தார். விரிந்திருந்த கைகள் ஒரு விரற்கடை கீழே இறங்கின. உடனே பழைய இடத்துக்கே ஏறின. பிறகு அவர் எழுந்து நின்று, ஓர் அடி பின்னால் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவை மறுபடி முன்னால் வந்துவிடாதபடி ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.