மெத்தை மேல் ஒரு கூரை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் மெத்தை வீட்டின் தலையில் கூரை வேய்ந்திருந்தது. சிரிக்காதீர்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் தளம் போட்ட வீட்டைத்தான் மெத்தை வீடு என்போம். புத்தம் புதுத் தளத்தின் மேல் கல்வராயன் மலை மூங்கிலைக் கட்டி, காய்ந்த கரும்புத் தோகையை, எங்கள் பேச்சில் சோகையை, வேய்ந்து, கைப்பிடிச் சுவர் மறையும்படி தாழ இறக்கிவிட்டிருந்தார் என் அப்பா.

எல்லாம் வீட்டு வரி படுத்திய பாடு. பேரூராட்சியில் மறுபடி எல்லா வீட்டையும் அளந்து வரி போடப் போகிறார்கள், கூரை வீட்டுக்கு வரி கிடையாது, மெத்தை என்றால் தீட்டிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. திங்கட்கிழமை பில் கலெக்டர் வந்து ஏமாந்து போவார். மறுநாளே கூரையைப் பிரித்துவிடலாம். வெள்ளிக்கிழமை திருக்கோவிலூர் மாப்பிள்ளை வீட்டார் வரும்போது மெத்தை பளபளக்கும். இதுதான் அப்பாவின் திட்டம். என்ன மூளை, என்ன மூளை!

அது இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். மறியல்காரர்கள் வெட்டிப் போட்ட புளியமரம் ரோட்டில் கிடக்க, பஸ் நின்றுபோனது. சின்னசேலத்திலிருந்து வரவேண்டிய பில் கலெக்டர் வரவில்லை. "எப்ப வேணா வந்துடுவாரு" என்று அப்பா கூரையில் கை வைக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஓடத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே டேப்போடு பில் கலெக்டரும் வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டுடியோ போட்டோவிலேயே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற ஆள். இந்த இடம் தட்டிப்போனால் அப்பாவோடு ஜென்மத்துக்கும் பேச்சில்லை என்று கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்தார். "இன்னாங்க, தரகர் மெத்தை வூடுன்னாரு. இது கூரையா இல்ல கீது?"

அப்பா அந்த அம்மாவைப் பார்த்தார், பில் கலெக்டரைப் பார்த்தார். மெத்தை என்றால் வரி, கூரை என்றால் சம்பந்தம் போச்சு. "அது வந்துங்க... கூரைதான்... ஆனா..." என்று மென்று விழுங்கினார்.

பில் கலெக்டர் மோரை நிதானமாகக் குடித்து முடித்தார். "கூரை வூட்டுக்கு எதுக்குங்க மாடிப்படி?"

எல்லோரும் திரும்பினார்கள். வீட்டுப் பக்கவாட்டில் சிமெண்டு மாடிப்படி. மாப்பிள்ளை வீட்டார் ஏறிப் பார்க்கவென்று அப்பாவே சிவப்பு பெயிண்ட் வேறு அடித்து வைத்திருந்தார்!

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியாமல் வெளியே ஓடிவந்தேன். "மெத்தை வூடுதாங்க! மேல வந்து பாருங்க!" பட்டுப்புடவையோடு படியேறிச் சோகையைப் பிடித்து இழுத்தேன். கத்தை கத்தையாகச் சரிந்து அப்பா தலையிலேயே விழுந்தது. "ஐயோ, மானத்த வாங்கறாளே!" என்று அம்மா கத்தினார். தளத்தில் வெயில் விழுந்தது, தூரத்தில் மலை தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேலே வந்த பில் கலெக்டர், "யாராச்சும் டேப்போட அந்த முனையப் புடிங்க" என்றார். அப்பா முறைத்துக்கொண்டு கீழேயே நின்றார். நான் பிடித்தேன். இன்னொரு முனையைப் பிடிக்க மாப்பிள்ளை ஏறிவந்தார்.

நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "நல்லா இழுத்துப் புடிங்க. தொய்ஞ்சா அளவு ஜாஸ்தியாயிடும்."

அவர் சிரித்துக்கொண்டே இழுத்துப் பிடித்தார். பில் கலெக்டர் எழுதிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். "மாட்டுக் கொட்டாய் நெசமாவே கூரைதான், அத விட்டுடறேன். வரி ஜாஸ்தின்னு தோணுச்சின்னா மனு குடுங்க, திரும்ப வந்து அளக்கறோம்."

தலையில் சோகையோடு அப்பா வாயைத் திறக்கும் முன்பே, மேலிருந்து மாப்பிள்ளை குனிந்து சொன்னார்:

"குடுத்துடுங்க, மாமா. நானே வந்து டேப்பு புடிக்கறேன்."