வழுக்கிய முடிச்சு

ஹம்சவேணி முனிச்சாலைக்காரி; நெசவுக் குடும்பம். தல்லாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். எந்தத் தையல் நூலையும் இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவாள். "நூலப் பத்தி சிஸ்டருக்கு நாம சொல்லித்தர வேணாம்ப்பா" என்று டாக்டர் ஜெயராம் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டிருந்தார்.

தொண்ணூற்றெட்டில், வயிற்றில் துளை போட்டுக் கேமராவை விட்டுச் செய்கிற ஆபரேஷன் அங்கே வந்தது. கை உள்ளே போகாது. அறுத்தெடுக்கும் இடத்தைக் கட்ட, வெளியிலேயே சுருக்கு முடிச்சுப் போட்டு, குழல் வழியாக உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். சுருக்கைத் தயார் செய்து நீட்டுவது ஹம்சவேணியின் வேலை. அதற்கென்று வைத்திருந்தது கேட்கட், ஆட்டுக்குடலில் செய்த நூல். சொரசொரவென்று இருக்கும். அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தறியில் ஏற்றினால் நாலு பேர் சிரிப்பார்களே என்பாள்.

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த மலையம்மாளுக்குப் பித்தப்பையில் கல்; பையையே எடுத்துவிட வேண்டும். ஆபரேஷன் அன்று ஹம்சவேணி கேட்கட்டை ஒதுக்கிவிட்டு, புதிதாக வந்திருந்த வழவழப்பான நூலில் சுருக்குப் போட்டாள்.

"என்ன, புது நூலா?" என்றார் டாக்டர்.

"இதுதான் சார் பலம்."

"நீங்க சொன்னாச் சரி."

மூன்றாம் நாள் மலையம்மாளுக்குக் காய்ச்சல். வயிறு உப்பியது. வாயுத் தொல்லை என்று டாக்டர் மருந்து எழுதினார். ஹம்சவேணிக்கு மனசு உறுத்தியது. டியூட்டி முடிந்ததும் தியேட்டரில் தனியாக நின்று, இரண்டு நூலிலும் கத்தரிக்கோல் பிடியில் அதே சுருக்கைப் போட்டு உப்புநீரில் நனைத்தாள். கேட்கட் ஊறிப் பருத்து முடிச்சைக் கவ்விக்கொண்டது. புது நூலை ஒரு இழு இழுத்ததும் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும்தான். சறுக்கியதைச் சொல்ல வாய் வரவேண்டுமே! காலையில் காய்ச்சல் இறங்கிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பயம்கூட இல்லை, வெறும் வீம்பு.

இறங்கவில்லை. மறுநாள் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உடனே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே முடிச்சு நழுவி, பித்தநீர் கசிந்து தேங்கிச் சீழ் பிடித்திருந்தது.

"நேத்தே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் கை கழுவப் போனார். சாயங்காலம் மலையம்மாள் இறந்துபோனாள்.

வராந்தாவில் அவள் புருஷன் சின்னான் ஹம்சவேணியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"டாக்டரு சொன்னாரு தாயி. உள்ள கசியுதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீகளாம்."

அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"நேத்தே எனக்குத் தெரியும்ணே. நேத்தே சொல்லியிருக்கணும்."

சின்னான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு நாள்ல என்ன தாயி ஆயிரப்போவுது? நீங்க வெசனப்படாதீக."

அவளைத் தேற்றிவிட்டு, பொண்டாட்டியை ஊருக்குக் கொண்டுபோக வண்டி பார்க்கப் போனான்.