ஒன்றாம் வகுப்பில் ஒளிந்த பனியன் துணி

மருதம்மாள் பயிற்சி முடித்து, பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த அன்று, அவளுடைய அண்ணன் ஆறுச்சாமி தன் கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர் அவன். படித்தது ஐந்தாவது வரைதான்.

தங்கச்சி கேட்டாள் என்பதற்காக, வெட்டி மிஞ்சிய பனியன் துணியை முதலாளியிடம் சொல்லி வாங்குவான். துவைத்து, ஒரே அகலத்தில் நாடா நாடாக நறுக்கி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். இழுத்தால் சுருண்டு கயிறு போலாகிவிடும். பிள்ளைகள் அதைப் பின்னுவார்கள், முடிச்சுப் போடுவார்கள், அவிழ்ப்பார்கள். விரலுக்குப் பிடிமானம் வந்த பிறகே பலப்பத்தைக் கையில் கொடுப்பாள் மருதம்மாள்.

தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியம் பெரிய வகுப்புக்குக் கணக்கு நடத்தி வந்தவர். சின்னப் பிள்ளை என்றால் அவருக்கு உயரம் குறைந்த பெரிய பிள்ளை, அவ்வளவுதான்.

ஒருநாள் துணி மூட்டையோடு போன ஆறுச்சாமி, அவருடைய அறை வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவர் மருதம்மாளை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க வகுப்புல அந்தக் காளியாத்தா பேரை ரிஜிஸ்டர்லிருந்து அடிக்கப் போறேன் டீச்சர். ஆவணி பொறந்தாச்சு, இன்னும் 'அ' எழுத வரலை."

"அதுக்கு நாலு வயசுதானுங்க சார்."

"தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொட்டுச்சே! நானே பாத்துச் சேத்தேன்."

"அவங்கப்பன் நெட்டைங்க. புள்ளைக்கும் கை நீளம். கை நீண்டா வயசு கூடிருமாங்க சார்?"

"கந்தலை முடியறதுக்கா பள்ளிக்கூடம்?"

பேரை அடித்தால், நூல் சுற்றப் போகும் தாய் அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். மருதம்மாள் கெஞ்சிக் கேட்டுத் தீபாவளி வரை தவணை வாங்கினாள்.

"ஆனா கந்தல் என் கண்ணுல படக்கூடாது" என்றார் அவர்.

வெளியே வந்தவளிடம் ஆறுச்சாமி பொருமினான். "ஏங் கண்ணு, புது மிசினையே எண்ணெய் விட்டுச் சும்மா ஓட்டிப் பாத்துட்டுத்தான் துணி போடறோம். இது தெரியாமயா அந்தாளு பெரிய வாத்தியாரு?"

"உள்ள போய் நீங்களே சொல்லுங்ணா."

அவன் மூட்டையை அவள் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

தீபாவளிக்கு முன்னால் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே, யாரும் சொல்லாமல் பிள்ளைகள் துணியைச் சுருட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்ன டீச்சர், எல்லாம் ஒசரமா உக்காந்திருக்குது?"

"வளர்ற புள்ளைகதானுங்களே சார்."

காளியாத்தாளைக் கூப்பிட்டார். அவள் எழுந்த இடத்தில் கிடந்த சுருளை மருதம்மாள் சேலையால் மறைத்து நின்றாள். காளியாத்தாள் பலகையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு 'அ' போட்டாள். கோணல்தான். ஆனாலும் 'அ'தான்.

"பாத்தீங்களா? கந்தலை ஒழிச்சேன், எழுத்து தானா வந்துருச்சு!"

"ஆமாங்க சார்" என்றாள் மருதம்மாள்.

அன்று சாயங்காலம் தங்கச்சி நடந்ததைச் சொன்னதும் ஆறுச்சாமி பொரிந்தான். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? மூஞ்சிக்கு நேராச் சொல்றதுக்கென்ன?"

"காளியாத்தா பேரு அடிபடலீங்ணா. அடுத்த தடவை துணி கொஞ்சம் கூடக் கொண்டாங்க. புள்ளைக மேல உக்காந்து உக்காந்து, இருக்கற துணியெல்லாம் அழுக்காப் போச்சு."