பூதலிங்கம் கை காட்டுவதை நிறுத்தினார்

பூதலிங்கம் ஓட்டும் பேருந்தில் எவ்வளவு கூட்டம் ஏறினாலும் அவர் மட்டும் தனியாகத்தான் இருப்பார். பேச்சும் சிரிப்பும் அவர் முதுகுக்குப் பின்னால். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒற்றை அறை எடுத்திருந்தார். அங்கேயும் பேச ஆளில்லை.

ஆனால் பேருந்தின் காலை நடையில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. சிவந்திபுரத்தில் ஏறிய பிள்ளைகள் அங்கே இறங்குவார்கள். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். அவர் பேருந்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். பிள்ளைகள் பேருந்தின் முகத்தைத் தட்டிவிட்டு, அவருக்கு சலாம் வைத்துக்கொண்டே முன்னால் குறுக்கே ஓடுவார்கள். மூன்றாம் வகுப்புக் கோமு இரண்டு சலாம் வைப்பாள். அன்றைய பொழுதுக்கு அவருக்கு அது போதும்.

தொண்ணூற்று நான்கு ஜூலையில் ஒரு காலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கை காட்டினார், கோமு ஓடினாள். நின்ற பேருந்தை முந்திக்கொண்டு ஒரு வேன் பாய்ந்தது. அவள் பையில் அடித்துவிட்டு நிற்காமலே போயிற்று. தூக்குச்சட்டிச் சோறு தார்ச்சாலையில் சிதறிக் கிடந்தது.

பூதலிங்கம் இறங்கி ஓடினார். அவளுக்குக் காயமில்லை.

"பாத்துப் போகக் கூடாதாட்டி?"

"நீங்கதான மாமா கையக் காட்டுனீய?"

"பிள்ளைக்குத்தான் ஒண்ணுமில்லைலா வே, எடும்" என்றார் கண்டக்டர் திருஞானசம்பந்தம். பூதலிங்கம் பேருந்தை எடுத்தார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்த அவரே அந்த வேனைக் கவனிக்கவில்லை. சக்கர உயரப் பிள்ளை அவர் கையை நம்பித்தானே ஓடினாள்?

மறுநாள் இருக்கையை விட்டு இறங்கிப் படிக்கட்டருகே வந்து நின்றார்.

"ஏலே, ஏட்டி, எல்லாரும் இங்கன ஓரமா நில்லுங்க. பஸ்ஸுக்கு முன்னால யாரும் போவக்கூடாது. பஸ் போன பொறவு ரெண்டு பக்கமும் பாத்து, பைய நடந்து போங்க."

"அப்ப நீங்க கை காட்ட மாட்டீயளா?" என்றாள் கோமு.

"மாட்டேன். யாரு காட்டுனாலும் போவக்கூடாது."

"என்ன வே, வாத்தியார் வேலைக்கு மாறிட்டீரா?" என்று சிரித்தார் திருஞானசம்பந்தம்.

இரண்டொரு நாள் பிள்ளைகள் மறந்துபோய் முன்னால் வந்தார்கள். ஹாரன் அடித்து விரட்டினார். கோமுவையும்தான். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு யாரும் வரவில்லை.

இப்போதெல்லாம் கடைசிப் பிள்ளை இறங்கியதும் விசில் வரும், உடனே எடுத்துவிடுவார். அவர் போனால்தான் அவர்களுக்குச் சாலை தெரியும். இடப்பக்கக் கண்ணாடியில் பிள்ளைகள் சிறுத்துக்கொண்டே போவார்கள். ஒருநாள் அதில் கோமு தெரிந்தாள். முதலில் பேருந்து வந்த அம்பாசமுத்திரம் பக்கம் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள், எதிரே வண்டி வருகிறதா என்று. அவரை அல்ல. அப்படித்தான் பார்க்க வேண்டும். அவள் காலை எடுத்து வைக்கும் முன் வளைவு வந்துவிட்டது. கண்ணாடியில் சாலையோரப் பஞ்சாலையின் சுவர்தான் மிஞ்சியது.

திரும்பும் நடையில் பள்ளிக்கூட வாசல் வெறிச்சென்றிருந்தது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம். அது கேட்கிற மட்டும் பேருந்தை மெல்ல உருட்டினார்.

"என்ன வே, மாட்டு வண்டியா ஓட்டுதீரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பூதலிங்கம் கியரை மாற்றினார்.