வெண்டைத் தோட்டத்தில் விட்ட தண்ணீர்

சேற்றுக்கால் என்று சொன்னால்தான் அவரை ஊருக்குத் தெரியும். பழைய மண் அணையின் காவலாளி. எத்தனை தடவை கழுவினாலும் அவர் நடந்த தரையில் தடம் விழும். மனைவி துடைப்பமும் கையுமாகப் பின்னாலேயே வருவாள். லாரி கிளீனர், சமையல் எடுபிடி என்று எதிலும் நிலைக்காத மனுஷனுக்குச் சோறு போட்டது இந்த அணைதான். இரண்டு பெண்களை ஆளாக்கியதும் இதுதான். அதை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த வருஷம் மழைக்குச் சற்று முன்னால், தண்ணீரோரம் கரையில் ஒரு வளையைக் கண்டார். பெருச்சாளியாக இருக்கும் என்று களிமண்ணைத் திணித்து மிதித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். பின்னால் ஒரே கூச்சல். ஒரு தாய் நீர்நாய், கவ்வி வந்த மீனைப் போட்டுவிட்டு, அடைத்த இடத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு வெறுங்கையால் மண்ணைப் பறித்தார். உள்ளே மூன்று குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. நல்லவேளை, உயிர் இருந்தது.

மறுநாள் வந்த இன்ஜினியரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மழைக்குள்ள இதை அடைக்கலன்னா கரையே போயிடும். தண்ணிய இறக்கினா வளை தண்ணிய விட்டுத் தள்ளிப் போயிடும், அப்ப தாயே குட்டிகளை வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடும். ஆனா மதகைத் திறந்தா கீழ இருக்கற வெண்டைத் தோட்டம் முழுகிடுமே. தோட்டக்காரர் ஒத்துப்பாரா?"

தோட்டக்காரர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். அதுவும் வெண்டை இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது.

"மச்சான், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கறதா வேண்டாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

சொன்னார். மச்சான் கரையேறிப் போய், வளைக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று இறங்கி மண்வெட்டியோடு வந்தார். சேற்றுக்கால் பயந்து ஒதுங்கினார்.

"எதுக்கு ஒதுங்கற மாப்ள? நான் வரப்பை வெட்டி விடறேன், நீ போய் மதகைத் திற."

வெண்டை மூழ்கியது. தண்ணீர் இறங்க இறங்க, தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு எதிர்க்கரை நாணலுக்குள் போனது. கடைசிக் குட்டியும் போன பிறகு இருவரும் சேர்ந்து வளையை அடைத்தார்கள். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கரை அசையவில்லை.

"மச்சான்..." என்றார் சேற்றுக்கால். சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாயை மூடு மாப்ள," என்று மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ ஏதாவது சொன்னா எனக்கும் அழுகை வந்துடும்."